திக்கோப்பியாவில் ஒருவரும் சாகவில்லை, சரி. அப்புறம்?

கேள்வி இதுதான். 2002 டிசம்பர் கடைசியில் பசிபிக் கடலில் திக்கோப்பியா என்கிற சின்னத் தீவை ‘சோயி’ என்ற புயல் அடித்தது. ஒரு வாரத்துக்கு அங்கிருந்து ஒரு சத்தமும் இல்லை. மொத்த ஊரும் அழிந்திருக்கும் என்றே செய்திகள் எழுதின. அந்த மக்கள் கடைசியில் என்ன ஆனார்கள், அதே மாதிரி ஒன்று நம் லட்சத்தீவுக்கு வந்தால் என்ன ஆகும் என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார்.

முதல் கேள்விக்குப் பதில் ஒரே வரி: ஒருவரும் சாகவில்லை. இப்போதும் அங்கே ஆயிரத்துச் சொச்சம் பேர் இருக்கிறார்கள். ஆனால் இந்தக் கதையை எல்லோரும் இதே வரியில் முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில்தான் வருத்தம். புயலடித்த இரவில் எத்தனை பேர் போனார்கள் என்பதை வைத்து ஒரு தீவின் கதியைச் சொல்ல முடியாது. அடுத்த ஐந்தாறு மாதம்தான் அதைத் தீர்மானிக்கிறது. நான் குமரி மாவட்டத்து நீரோடிக்காரன். எங்கள் கடப்புறத்தில் நின்று மேற்கே கொஞ்ச தூரம் நடந்தால் பொழியூர், கேரளா. பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளியில் புவியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். வீட்டில் மற்ற எல்லோரும் கடலுக்குப் போகிறவர்கள். அதனால் இந்த விஷயத்தில் கொஞ்சம் புத்தகத்திலிருந்தும் கொஞ்சம் வீட்டிலிருந்தும் சொல்கிறேன்.

திக்கோப்பியா சாலமன் தீவுகள் நாட்டின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது. தலைநகர் ஹொனியாராவிலிருந்து ஏறக்குறைய 1,000 கிலோமீட்டர். பரப்பளவு சுமார் 5 சதுர கிலோமீட்டர், அதாவது நம் லட்சத்தீவின் மினிக்காய் அளவுதான். ஆனால் மினிக்காய் பவளத்தீவு, தட்டையாகக் கிடக்கும். திக்கோப்பியா அணைந்துபோன எரிமலை. 380 மீட்டர் உயரத்துக்கு மலை, எரிமலை வாயில் தெ ரோத்தோ என்ற நன்னீர் ஏரி. ஏரிக்கும் கடலுக்கும் இடையில் ஒரு மணல் திட்டு. இந்த மலையையும் திட்டையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் 28 அன்று சோயி அந்தத் தீவுக்குப் பக்கத்தில் வந்து, வேகம் குறைந்து, அங்கேயே ஒரு சுற்றுச் சுற்றியது. உச்சத்தில் காற்று மணிக்கு 240 கிலோமீட்டர், புயலின் நடுவே காற்றழுத்தம் 890 மில்லிபார் (இது குறையக் குறையப் புயல் கடுமை). 2016-ல் வின்ஸ்டன் வரும் வரை தென் பசிபிக்கில் பதிவான புயல்களில் இதுதான் கடுமையானது. தீவின் வீடுகள் தாழ்ந்தவை. வாசலில் குனிந்தால் போதாது, தவழ்ந்துதான் நுழைய வேண்டும். சாதாரணக் காற்றுக்கு அது நல்ல கட்டு. இந்தக் காற்றுக்கு அதுவும் நிற்கவில்லை. கரையோர வீடுகளை அலை கொண்டுபோனது. சனங்கள் மேட்டுக்கு ஏறிப் பாறை இடுக்குகளிலும் குகைகளிலும் ஒதுங்கிக்கொண்டார்கள். எந்தப் பாறை எந்தக் காற்றுக்கு மறைப்பு என்பது அங்கே சிறுபிள்ளைக்கும் தெரியும். அதுதான் அவர்களைக் காப்பாற்றியது.

இங்கே வெளி உலகத்தின் கூத்தையும் சொல்ல வேண்டும். தீவுக்கு வயர்லெஸ் தொடர்பு இல்லை. அந்த நேரம் சாலமன் தீவுகளில் உள்நாட்டுக் கலவரத்தால் அரசின் கஜானா காலி. உதவிக் கப்பலுக்கு எண்ணெய் போடவும் ஆட்களுக்குக் கூலி கொடுக்கவும் காசு இல்லாமல் நாட்கள் போயின. ஆஸ்திரேலிய விமானம் ஒன்று மேலே பறந்து படம் எடுத்தது. படத்தில் இலையே இல்லாத தீவு தெரிந்தது. கடைசியில் முதலில் போய் இறங்கியது எந்த அரசும் இல்லை. ஜெஃப் மேக்லி என்ற நியூசிலாந்துக்காரர், புயலைத் துரத்திப் படம் பிடிப்பவர், ஹெலிகாப்டர் அமர்த்திக்கொண்டு போனார். பிணங்களைப் படம் பிடிக்கப் போகிறோம் என்ற நினைப்போடு இறங்கியவரைப் பார்க்கக் காட்டுக்குள்ளிருந்து ஆட்கள் வந்தார்கள். காவல்துறை ரோந்துக் கப்பல் போய்ச் சேர்ந்தபோது புயல் முடிந்து ஒரு வாரம் ஆகியிருந்தது.

இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு 2017 ஒக்கிப் புயல் ஞாபகம் வரும். தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி என்று எங்கள் ஊர்களின் போட்டுகள் ஆழ்கடலில் இருந்தன. கரையில் பெண்கள் பள்ளி மைதானத்திலும் கோவில் முற்றத்திலும் உட்கார்ந்திருந்தார்கள். திக்கோப்பியாவில் தீவு ஊமையாகி நின்றது. எங்களுக்கு ஒவ்வொரு போட்டும் ஒரு திக்கோப்பியாதான். ஒக்கியைப் பற்றிப் பின்னால் வருகிறேன்.

சரி, புயல் போன மறுநாள் என்ன சாப்பிடுவார்கள்? தென்னை முறிந்துவிட்டது. சீமைச்சக்கை, அதாவது கறிப்பலா, காயோடு உதிர்ந்துவிட்டது. உப்புத் தண்ணீர் ஏறிய இடத்தில் சேம்பு அழுகும். விழுந்த காய்களையும் கிழங்கையும் முதல் சில வாரங்களில் தின்னலாம், பிறகு கெட்டுவிடும். இந்த இடத்தில்தான் திக்கோப்பியாக்காரர்களின் பழைய கெட்டிக்காரத்தனம் ஒன்று வருகிறது. சீமைச்சக்கையையும் சேம்பையும் வாழைக்காயையும் தோல் சீவி, இலை பரப்பிய குழியில் போட்டு, மேலே இலை மூடிக் கல் வைத்துவிடுவார்கள். உள்ளே அது புளித்து, மாவு மாதிரி ஆகி, வருடக்கணக்கில் கெடாமல் கிடக்கும். நாற்றம் கொஞ்சம் இருக்கும்தான். தேவைப்படும்போது எடுத்துப் பிசைந்து சுட்டுச் சாப்பிடுவார்கள். அதற்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் ‘மாசி’. நம் மினிக்காயிலிருந்து வரும் சூரை மீன் கருவாட்டுக்கும் மாசி என்றுதான் பெயர். இரண்டுக்கும் சம்பந்தம் கிடையாது, காதுக்கு ஒன்றாக விழுகிறது, அவ்வளவுதான். ஆனால் வேலை ஒன்றுதான்: கடல் அடைத்துக்கொண்டால் சாப்பிட ஏதாவது வேண்டும். எங்கள் மலையோரத்தில் மழைக்காலத்துக்கென்று மரச்சீனியை, அதாவது மரவள்ளிக்கிழங்கை, அவித்து உலர்த்தி வைக்கிறார்களே, அதே கணக்கு.

அவர்களுடைய தோட்டமும் குமரி மாவட்டத்து விளை மாதிரிதான். மேலே தென்னை, அதற்குக் கீழே பலா வகை, அப்புறம் வாழை, தரையில் சேம்பும் காய்ச்சில் கிழங்கும். காற்று மேல்தட்டைக் கொண்டுபோனாலும் மண்ணுக்குள் ஏதாவது மிஞ்சும். இதைக் காப்பாற்ற அவர்கள் ஒரு பெரிய முடிவும் எடுத்தவர்கள். 1600 வாக்கில் தீவில் இருந்த பன்றிகள் அத்தனையையும் கொன்று தீர்த்தார்கள். தோட்டத்தைக் கிளறி அழிக்கிறது என்பதுதான் காரணம். தொல்லியல் ஆய்வாளர்கள் பேட்ரிக் கிர்ச், டக்ளஸ் யென் இருவரும் மண்ணைத் தோண்டிப் பார்த்ததில், பன்றி எலும்பு அந்தக் காலத்தோடு நின்றுபோயிருந்தது. கறி தின்கிற ஒரு சமூகம் கறியை விட்டது என்றால் சின்ன விஷயமில்லை.

இதைக் கேட்டுவிட்டு, ‘பழங்குடி ஞானம் காப்பாற்றியது’ என்று சந்தோஷப்பட்டுக் கிளம்பிவிடாதீர்கள். இதே தீவு, இதே மாசி, 1952-ல் கைகொடுக்கவில்லை. அந்த ஜனவரியில் ஒரு புயல், 1953 மார்ச்சில் இன்னொன்று. பஞ்சம் வந்தது. மானிடவியலாளர் ரேமண்ட் ஃபிர்த் 1928-29-ல் அங்கே ஒரு வருடம் வாழ்ந்தவர், பஞ்ச நேரத்தில் மறுபடியும் அங்கே இருந்தார். அவர் எழுதியதைப் படித்தால் மனசு கனக்கும். விருந்தோம்பல் மெல்ல மெல்லச் சுருங்கியது. வந்தவருக்கெல்லாம் இலை போட்ட வீடுகளில், சமையல் ரகசியமாக நடந்தது. பக்கத்துத் தோட்டத்தில் திருடுவது சாதாரணமாகிவிட்டது. அவர்களுக்கு நான்கு குலத் தலைவர்கள் உண்டு, அரிக்கி என்பார்கள். அவர்கள் ஊரைக் கூட்டித் திட்டினார்கள், தோட்டத்துக்குத் தடை போட்டார்கள். உறவு அற்றுப்போகவில்லை, ஆனால் பங்கீடு குடும்பத்துக்குள் சுருங்கியது. வெளியிலிருந்து அரிசி வந்துதான் நிலைமை தேறியது.

ஏன் 1952-ல் அப்படி, 2002-ல் இப்படி? என் கணக்கு இது. 1929-ல் ஃபிர்த் எண்ணியபோது சுமார் 1,300 பேர். 1952-ல் 1,700-க்கு மேல். 5 சதுர கிலோமீட்டரில் பாதி மலையும் ஏரியும். அதற்குப் பிறகுதான் நிறையக் குடும்பங்கள் அதே நாட்டின் ரஸ்ஸல் தீவுகளிலும் மக்கிரா தீவிலும் போய்க் குடியேறின. 2002-ல் தீவில் இருந்தது 1,200 பேர் அளவில்தான். வெளியே இருந்த சொந்தக்காரர்கள் தலைநகரில் போய்க் குரல் கொடுக்கும் நிலையிலும் இருந்தார்கள். அதாவது ஐம்பது வருடத்துக்கு முந்தைய பஞ்சத்தால் ஊரைவிட்டுப் போனவர்கள்தான், சோயி வந்தபோது தீவின் சுமையைக் குறைத்து வைத்திருந்தார்கள்.

மணல் திட்டை நினைவில் வைக்கச் சொன்னேனே, அலை அதை உடைத்துவிட்டது. கடல் ஏரிக்குள் புகுந்தது, ஏரி மீனும் கரைச் சேம்பும் போயின. சில வருடம் கழித்துக் கம்பிக்கூடையில் கல் நிரப்பி அடுக்கி உடைப்பை அடைத்தார்கள். யாரும் சாகவில்லை என்ற செய்தி பத்திரிகைகளில் மூன்று நாள் ஓடியது. ஏரி உப்பாகிக் கிடந்த வருடங்களைப் பற்றி யார் எழுதினார்கள்?

இப்போது நம் கடலுக்கு வருவோம். ‘லட்சத்தீவுக்கு வந்தால்’ என்று தம்பி கேட்கிறார். வந்திருக்கிறது. 1847 ஏப்ரல் 15 இரவு. கல்பேனி, அந்த்ரோத் பக்கம் விடிய விடிய அடித்தது. கல்பேனியில் அன்று 1,642 பேர் இருந்ததாகக் கணக்கு. அதில் 246 பேரை அந்த இரவு அலை கொண்டுபோனது. அடுத்த ஐந்து மாதத்தில் இன்னும் 112 பேர், சரியான சாப்பாடு இல்லாமலும் அதனால் வந்த நோயிலும் செத்தார்கள். 376 பேர் மலையாளக் கரைக்குத் தப்பினார்கள். தீவில் மிஞ்சியது 908 பேர், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். கூட்டிப் பாருங்கள், சரியாக வரும்.

எனக்கு 246-ஐவிட இந்த 112-தான் பெரிதாகத் தெரிகிறது. கல்பேனியில் மலை இல்லை, ஏறி ஒளியக் குகை இல்லை. அதனால் 246. ஆனால் 112 எதனால்? அங்கே தென்னையைத் தவிர வேறு பெரிய விளைச்சல் கிடையாது. கயிறு திரிப்பார்கள். அந்தத் தீவுகள் கண்ணூர் அறக்கல் அரச குடும்பத்தின் கையில் இருந்தன. கயிற்றை வெளியே யாருக்கும் விற்க முடியாது, அறக்கல் பண்டகசாலைக்குத்தான் கொடுக்க வேண்டும், பதிலுக்கு அவர்கள் வைத்த விகிதத்தில் அரிசி. தென்னை விழுந்தால் கயிறு இல்லை, கயிறு இல்லாவிட்டால் அரிசி இல்லை. போதாததற்கு மாதத்தைப் பாருங்கள்: ஏப்ரல் நடுவில் புயல், மே கடைசியில் இடவப்பாதி, அதாவது தென்மேற்குப் பருவமழை, பிறந்துவிடும். அதற்குப் பிறகு ஆவணி வரை ஓடம் எதுவும் கரைக்கு ஓடாது. அந்த ஐந்து மாதத்தில் பெரும்பகுதி கடல் அடைத்துக் கிடந்தது. இதே புயல் அக்டோபரில் வந்திருந்தால் அந்த 112-ல் பாதிப் பேராவது பிழைத்திருப்பார்கள் என்பது என் அபிப்பிராயம். புதுத் தென்னை வைத்தால் காய்க்க ஆறேழு வருடம்.

கிணறும் அப்படித்தான். பவளத்தீவில் மழைத் தண்ணீர் மணலுக்கு அடியில் இருக்கும் உப்புத் தண்ணீரின் மேல் மெல்லிய ஏடு மாதிரி மிதக்கிறது. அலை ஒரு தடவை தீவின் மேல் ஏறி இறங்கினால் அந்த ஏடு கெட்டுவிடும். நல்ல மழை பெய்து பெய்துதான் மறுபடி நன்னீர் சேரும்.

அப்புறம் கடன். நிவாரணத்துக்கென்று கிழக்கிந்தியக் கம்பெனி அரசு அறக்கல் குடும்பத்துக்குப் பணம் கொடுத்தது. வில்லியம் ராபின்சன் என்ற அதிகாரி தீவுகளுக்குப் போய்ப் பார்த்து அறிக்கை எழுதினார். பணம் கடனாக, கடன் வட்டியாக வளர்ந்தது. 1850-களிலேயே தீவுகளை ஆங்கிலேயர் ஜப்தி செய்தார்கள், நடுவில் திருப்பிக் கொடுத்தார்கள், 1875-ல் மறுபடியும் எடுத்துக்கொண்டார்கள். அடுத்த நூற்றாண்டின் தொடக்கத்தில் முழுவதுமாகவே அவர்கள் கைக்குப் போனது. ஓர் இரவுக் காற்று, அறுபது வருடத்தில் தீவுகளின் உடைமையையே மாற்றிவிட்டது.

ஒக்கிக்கு வருகிறேன். 2017 நவம்பர் 30 காலையில் அது குமரிமுனைக்குத் தெற்கே புயலாக உருவெடுத்தது. அங்கிருந்து மேற்கே போய் டிசம்பர் 1, 2 தேதிகளில் மினிக்காய், கல்பேனி வழியாக வலுத்தது. உச்சத்தில் காற்று மணிக்கு 155 கிலோமீட்டர். தீவுகளில் தென்னையும் கூரையும் படகும் போயின, ஆள் சேதம் இல்லை. செத்தவர்கள் கடலில் இருந்த எங்கள் ஆட்கள். என் அண்ணன் அப்போது ஆழ்கடலில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். பத்து நாளுக்கு முன்பே கிளம்பியவர்கள். கரையில் எச்சரிக்கை சொன்னபோது அதைக் கேட்கும் தூரத்தில் இல்லை. போட்டில் இருந்த வி.எச்.எஃப். வயர்லெஸ் கண்ணுக்கெட்டும் தூரத்தைவிடக் கொஞ்சம் கூடுதலாக எட்டும், அவ்வளவுதான்.

என்ஜின் நின்று, தண்ணீர் இறைத்து இறைத்து மூன்றாம் நாள் கல்பேனிப் பக்கம் ஒதுங்கினார்கள். அண்ணன் சொன்னதில் எனக்கு மறக்காதது இரண்டு. ஒன்று, கரையில் நின்றவர்கள் எந்த ஊர் என்று கேட்பதற்கு முன்னால் இளநீரை வெட்டிக் கையில் கொடுத்தார்கள். அந்தத் தீவுக்கே அன்று கூரை இல்லை. பேச்சு எங்கள் பக்கத்து மலையாளத்தைவிடப் பழசு மாதிரி இருந்ததாம், ஆனால் புரிந்ததாம். இன்னொன்று, தீவின் கிழக்கு ஓரம் முழுவதும் பவளக்கல் குவிந்து மதில் மாதிரி கிடந்தது. ஆள் உயரக் கல்லும் அதில் உண்டு. “இதெல்லாம் இப்ப வந்ததா?” என்று அண்ணன் கேட்டதற்கு, பக்கத்தில் நின்ற பெரியவர் சிரித்துவிட்டு, “இல்லை, இது எங்க உப்பாப்பா காலத்துக் காற்றில் வந்தது” என்றாராம். 1847-ல் கடல் தூக்கி எறிந்த கற்கள் என்றுதான் தீவில் சொல்கிறார்கள். 170 வருடம் கழித்து அந்தக் கல்லின் மறைவில்தான் அண்ணனும் மற்றவர்களும் ஒரு பொழுது படுத்திருந்தார்கள்.

இங்கே கரையில் எங்களுக்கு எதுவும் தெரியாது. மைனி, அதாவது அண்ணன் மனைவி, ஒரு வாரம் தலை வாரவில்லை. 68 போட்டுகளில் 950-க்கும் மேற்பட்டவர்கள் மகாராஷ்டிரக் கரையில் ஒதுங்கியதாகச் செய்தி வந்தபோது, எல்லோரும் தங்கள் ஆள் அதில் இருப்பதாகவே நினைத்துக்கொண்டார்கள். அந்த நினைப்பு நல்லதா கெட்டதா என்று இன்றுவரை எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

எல்லைக்காரர்களுக்கு இன்னொரு தொல்லை. நீரோடிப் போட்டில் பொழியூர்க்காரர் இருப்பார், பொழியூர்ப் போட்டில் எங்கள் ஆள். போட்டுப் பதிவு ஒரு மாநிலம், ரேஷன் கார்டு இன்னொரு மாநிலம். காணாமல் போனவர் எந்தப் பட்டியலில் வருவார்? எங்கள் தெருவில் ஒருவரின் பெயரை இரண்டு பக்கமும் எழுதாமல் விட்டார்கள். அவர் மனைவி ஓர் அலுவலகத்துக்குப் போனால் அங்கே போ என்றார்கள், அங்கே போனால் இங்கே வா என்றார்கள். உடல் கிடைக்காதவர் இறந்ததாகச் சட்டம் ஒப்புக்கொள்ள ஏழு வருடம் வேண்டும். நல்லவேளை, ஒக்கியில் போனவர்களுக்கு அந்தக் காத்திருப்பை இரண்டு அரசுகளும் தளர்த்தின, இருபது லட்சமும் அறிவித்தன. ஆனால் அதற்கு முதலில் பட்டியலில் பெயர் வேண்டுமே. திக்கோப்பியாவில் நான்கு அரிக்கிகள் மலையடிவாரத்தில் நின்று தலை எண்ணினால் வேலை முடிந்தது.

ஆக, இனி ஒன்று வந்தால் லட்சத்தீவு எப்படித் தாங்கும்? 1847 மாதிரி ஆகாது என்றுதான் நினைக்கிறேன். முன்கூட்டியே எச்சரிக்கை கிடைக்கும், கான்கிரீட் கட்டடம் இருக்கிறது, கப்பலும் ஹெலிகாப்டரும் போகும். கவரத்தியில் 2005 முதலும், மினிக்காய், அகத்தியில் 2011 முதலும் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையங்கள் ஓடுகின்றன. ஆனால் அவை ஓடக் கரண்ட் வேண்டும், கரண்டுக்குப் பெரும்பாலும் டீசல் வேண்டும், டீசல் கரையிலிருந்துதான் வர வேண்டும். அரிசியும் அப்படியே. அன்று கயிறு கொடுத்து அரிசி வாங்கினார்கள், இன்று கப்பலில் வருகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். மாசி இன்னும் மினிக்காயில் காய்ச்சி உலர்த்துகிறார்கள், அதில் பெரும்பங்கு விற்பனைக்குப் போய்விடுகிறது. புயல் நவம்பரில் வந்தால் பயமில்லை. மே மாதம் வந்து பின்னாலேயே பருவமழை பிடித்துக்கொண்டால்தான் நான் கவலைப்படுவேன்.

தொடர்பைப் பற்றியும் தம்பி கேட்டிருந்தார். 2024 ஜனவரியில் கொச்சியிலிருந்து லட்சத்தீவுக்குக் கடலுக்கடியில் கேபிள் போட்டுத் திறந்துவிட்டார்கள். இனி தீவு ஒரு வாரம் ஊமையாகிக் கிடக்காது. அன்று தொலைக்காட்சியில் அந்தச் செய்தி ஓடியபோது அண்ணன் வலை மணி கோத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். “தீவுக்குக் கம்பி போட்டாச்சு, சரி. போட்டு எங்கடே கட்டிக்கிடக்கு, அதுக்குக் கம்பி போட?” என்று கேட்டுவிட்டு மறுபடி குனிந்துகொண்டார்.